புட்டி பூசுவதற்கு முன்னால்

பாலக்கோடு
ஐப்பசி 20

கண்ணு,

நம் புது வீட்டுச் சுவர் கெட்டுப்போனதைப் பற்றி நேற்று போனில் பேசியபோது, "விடும்மா, வேற மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பூசிக்கலாம்" என்றாய். அங்கேயே பதில் சொன்னால் சண்டையாகிவிடும் என்று போனை வைத்துவிட்டேன். முப்பது வருடம் தபாலாபீசில் இருந்தவளுக்கு எழுதினால்தான் மனசு ஆறும்.

படுக்கை அறையில் பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஓதம் ஜன்னல் மட்டத்துக்கு ஏறிவிட்டது. உப்புப் பூத்து, தொட்டால் பூச்சு மாவாக உதிர்கிறது. ஜன்னலுக்கு மேல் போடுகிற காங்கிரீட் சட்டம், அந்த லிண்டலுக்கு மேலே விரிசல். ஒரு ரூபாய்க் காசைச் செருகிப் பார்த்தேன், விழாமல் நிற்கிறது. மொட்டை மாடியில் வாட்டமே தப்பு. மழை விட்டு இரண்டு நாளாகியும் தண்ணீர் குழாய்ப் பக்கம் போகாமல் படிக்கட்டு ஓரம் தேங்கிக் கிடக்கிறது. காங்கிரீட் போட்ட நாலாம் நாளே, அது இறுகத் தண்ணீர் தேக்கி வைக்கிற பாத்தியை உடைத்துவிட்டார்கள் என்று அப்போதே சொன்னேன், நீதான்... சரி, அது போகட்டும்.

போன வாரம் வீட்டைக் கட்டிய கான்ட்ராக்டர் வந்தார். புட்டி வைத்துப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன், பாக்கிப் பணத்தைக் கொடுங்கள் என்றார். நான் கதவைத் திறக்கவில்லை. பூசி மறைத்துவிட்டால் எதைக் காட்டி நியாயம் கேட்பது?

திங்கட்கிழமை தருமபுரி கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போய்வந்தேன். பெண்களுக்கு வருமானக் கணக்கே கேட்பதில்லை. அங்கே ஒரு வக்கீல் பெண் பொறுமையாகச் சொன்னாள். போலீசுக்குப் போனால் சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்களாம். மாப்பிள்ளை சொன்ன ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், கட்டி விற்கிற புரமோட்டர்களுக்கு. நம் சொந்த மனையில் நாமே ஆள் வைத்துக் கட்டியதற்கு அது வராது. சிவில் கோர்ட்டில் போட மூன்று வருடம் உண்டு, ஆனால் இழுக்கும். நமக்கு ஏற்றது மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் 2019 சட்டப்படி சேவைதான்.

கொடுத்த பணம் 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்டத்திலேயே முடியும். நாம் கொடுத்தது 18 லட்சம், அதற்குக் கட்டணம் 400 ரூபாய். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஒப்பந்தம் என் பெயரில், பணம் போனது உன் கணக்கிலிருந்து. அதனால் இரண்டு பேரும் சேர்ந்தே மனு போடலாம் என்றாள். நீ இருக்கிற பெங்களூரிலும் போடலாமாம். ஆனால் சுவரை நேரில் பார்த்து அறிக்கை தர ஆணையத்தின் சார்பில் ஒருவரை அனுப்பச் சொல்லப் போகிறோம், சுவர் இங்கேதானே இருக்கிறது.

எனக்குப் பயமெல்லாம் நாள் கணக்கைப் பற்றித்தான். மனு போடக் கெடு இரண்டு வருடம். 2024 வைகாசியில் பால் காய்ச்சினோம். அன்றிலிருந்தே எண்ணிக்கொள்வோம், வம்பு வேண்டாம். அப்படிப் பார்த்தால் ஆறு மாதம்தான் மிச்சம். கான்ட்ராக்டரோ ஆடி கழியட்டும், தீபாவளி கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தார், இப்போது பொங்கல் என்கிறார். அவர் சொல்லும் தவணைக்காகக் கெடு நிற்காது.

முதலில் அவருக்கு நோட்டீஸ். 15 நாளில் சரிசெய்து கொடு, இல்லாவிட்டால் ஆகும் செலவைக் கொடு என்று எழுதியிருக்கிறேன். பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், தெரியுமா? எனக்கு என்னவோ வீட்டில் ஒரு ஆள் போனது போல இருந்தது. ஸ்பீட் போஸ்ட்டிலேயே அனுப்பி, பட்டுவாடா ஆனதற்குச் சான்று வாங்கிக்கொள்கிறேன்.

உன்னால் ஆக வேண்டியது: பேஸ்மட்டத்திலிருந்து அவருக்குப் போட்ட ஒவ்வொரு தொகைக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸை அழிக்காதே. "எம் சாண்ட் ஒரே லோடுதான் வந்துச்சு, அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டோம்" என்று அவரே சொன்னது அதில்தான் இருக்கிறது. பாக்கி ஒரு லட்சத்து இருபதாயிரத்தைப் பாவம் பார்த்து அனுப்பிவிடாதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை தருமபுரியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து பார்த்து அறிக்கை தருகிறார். அதுவரை கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன். இத்துடன் நோட்டீஸ் நகல் இரண்டு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு ஒன்றை உடனே திருப்பி அனுப்பு.

அம்மா