இருபதாயிரம் பேரை நிறுத்தினாலும் மிச்சம் பத்துப் புள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இளைஞர் பக்கத்தில் 'யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4' கணினி விளையாட்டைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். 1444இல் தொடங்கி 1821 வரை ஒரு நாட்டை நடத்திச் செல்லும் இந்த மாதிரி ஆட்டத்தைத் தமிழ்ப் பத்திரிகை பொருட்படுத்தி எழுதுவதே அபூர்வம். நன்றி. ஆனால் விஜயநகரத்தை எடுத்து ஆடுகிறவர்களுக்கு அதில் கொடுத்திருந்த யோசனையை, அதாவது கலகம் எழாதிருக்கப் பிடித்த மாகாணத்திலெல்லாம் பெரும்படையை நிறுத்தி வைக்கச் சொன்னதை, யாராவது அப்படியே பின்பற்றினால் பத்து ஆண்டு ஆட்டத்துக்குள் கஜானா காலி.

கணக்கு இதுதான். ஒரு மாகாணத்தைப் போரில் பிடித்ததும் அங்கே 30 ஆண்டுக்கான பிரிவினை உணர்வு ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மிச்சமுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைப் புள்ளி வீதம் அது கொந்தளிப்பில், அதாவது அந்த மாகாணம் கலகத்துக்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று காட்டும் எண்ணில், சேரும்; ஆக எடுத்த எடுப்பிலேயே 15 புள்ளி. படை எவ்வளவு குறைக்கும்? ஆயிரம் பேருக்குக் கால் புள்ளி. அதுவும் 5 புள்ளியோடு நின்றுவிடும். இருபதாயிரம் பேரை ஒரே மாகாணத்தில் குந்த வைத்தாலும் மிச்சம் 10 புள்ளி அப்படியே இருக்கிறது. அதற்கு மேல் அனுப்புகிற ஒவ்வொரு ஆயிரமும் வெறும் சம்பளச் செலவு. ஏழெட்டு மாகாணம் பிடித்தவர் ஒவ்வொன்றுக்கும் இருபதாயிரம் பேருக்கு எங்கே போவார்?

முதலில் செய்ய வேண்டியது, மாகாணப் பலகையில் கொந்தளிப்பு எண்ணின் மேல் மவுஸைக் கொண்டுபோய் வைப்பது. எந்தக் காரணத்தால் எத்தனை புள்ளி என்று வரிவரியாகக் காட்டும். பிரிவினை உணர்வா, மதமா, போர்ச் சோர்வா, பிடித்தும் இன்னும் முழு உரிமையாகாத நிலம் அளவுக்கு மிஞ்சிக் கிடப்பதா என்று பார்த்த பிறகுதான் மருந்து. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று நினைப்பதில்தான் புதிதாக ஆடுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிரிவினை உணர்வு என்றால் தன்னாட்சியைக் கூட்டும் பொத்தான் இருக்கிறது. ஒரு சொடுக்கில் உள்ளூர்த் தன்னாட்சி 25 விழுக்காடு ஏறும், கொந்தளிப்பு 10 இறங்கும். அந்த மாகாணத்தின் வரியும் ஆள்பலமும் அந்த அளவுக்குக் குறைந்து வரும் என்று பயந்து பலர் இதைத் தொடுவதில்லை. இது வீண் பயம். புதிதாகப் பிடித்து, இன்னும் மாநிலமாக்காமல் (முழு நிர்வாகத்துக்குள் கொண்டுவராமல்) ஆட்சிப்பகுதியாக வைத்திருக்கும் நிலத்தில் தன்னாட்சி எப்படியும் 90 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காது. அங்கே கூட்டினால் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. வளமான மையப் பகுதியில் மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும். ஒருமுறை மாற்றினால் மறுபடி கை வைக்க நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். இதற்கும் மேல் மிச்சமுள்ள 5 புள்ளிக்குத்தான் படை. 15இல் 10 போய், 5 போய், பூஜ்யம். கட்டுரையில் வரிசை தலைகீழாகிவிட்டது.

மதம் தனிக் கணக்கு. பாமினி சுல்தானிடமிருந்து பிடிக்கும் தக்காண மாகாணங்களில் பெரும்பாலானவற்றில் மக்கள் இந்துக்கள்; இந்து அரசரான நமக்கு அங்கே மதக் கொந்தளிப்பு கிடையாது, பாமினிக்குத்தான் உண்டு. வேற்றுமதத்தார்மீதான சகிப்பு அடிப்படையில் மைனஸ் 3 என்பதால் ஒவ்வொரு மாகாணமும் அவருக்குப் பாரம். ஆனால் நாம் வடக்கே போகப் போக முஸ்லிம் மாகாணங்கள் கைக்கு வரும். உடனே மிஷனரியை அனுப்பிவிடுகிறார்கள். மதமாற்றம் நடக்கும் மாகாணத்தில் கொந்தளிப்பு 6 புள்ளி கூடும் என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை! ஏற்கெனவே பிரிவினைக்கு 15, சகிப்பின்மைக்கு 3, அதன் மேல் 6. பிரிவினை உணர்வு பாதியாவது தேய்ந்த பிறகு மிஷனரியை அனுப்புவதே சரி. பல மதத்தாரை ஆள்வதென்று முடிவெடுத்தவர் நாட்டுக்கு நாம் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கும் கொள்கைத் தொகுதிகளில் மனிதநேயத் தொகுதியை முதல் இரண்டுக்குள் எடுக்கலாம். அதிலுள்ள ஒரு கொள்கை நாடு முழுவதும் 2 புள்ளி குறைக்கும், இன்னொன்று பிரிவினை ஆண்டுகளையே வெட்டும்.

போர்ச் சோர்வு ஒரு புள்ளி ஏறினால் நாடெங்கும் கொந்தளிப்பு ஒரு புள்ளி ஏறும். அரசர் செலவழிக்கச் சேர்த்து வைக்கும் அதிகாரப் புள்ளிகளில் ராஜதந்திரப் புள்ளி 75 கொடுத்தால் சோர்வு 2 குறையும். நீண்ட போர் முடிந்த கையோடு இதைச் செய்யாமல் அந்தப் புள்ளிகளைத் தொழில்நுட்பத்துக்குச் சேர்த்து வைப்பது கஞ்சத்தனம். முழு உரிமையாகாத நிலத்தின் அளவைக் காட்டும் எண் 100 விழுக்காட்டைத் தாண்டினால் கெட்ட நிகழ்வுகள் வரிசையாக வரத் தொடங்கும். அதற்கு முன்பே போரை நிறுத்திக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை. அல்லது அந்த நிலத்துக்குப் பழைய உரிமை உள்ள ஒரு சிற்றரசை உயிர்ப்பித்துக் கையில் வைத்துக்கொண்டு, நிலத்தை அவருக்கு வாங்கிக் கொடுக்கலாம். அவருக்கு அது சொந்த மண். பிரிவினைப் பேச்சே எழாது.

இனி கட்டுரை தொடாத விஷயம். கலகத்தை எப்போதும் தடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. ஒவ்வொரு கலகக் கூட்டத்துக்கும் ஒரு முன்னேற்றக் கோடு உண்டு. மாதாமாதம் ஆட்டம் பகடை உருட்டுகிறது. கொந்தளிப்பு கூடக் கூட அது பலிக்கும் வாய்ப்பும் கூடும். பலித்தால் கோடு 10 விழுக்காடு நகரும், 100 ஆனதும் எழுச்சி. ராணுவப் புள்ளி செலவழித்துக் கடுமையாக ஒடுக்கினால் கோடு 30 விழுக்காடு பின்னே போகும். ஆனால் காரணம் அப்படியே இருப்பதால் சில ஆண்டுகளில் அதே இடத்துக்கு வந்துவிடும். வேறொரு போரில் மாட்டியிருக்கும்போது காலத்தைத் தள்ளிப்போடத்தான் அது. கையில் போர் இல்லை, படை முழுசாக இருக்கிறது என்றால் எழட்டும் என்று விட்டுவிடுங்கள். எழுந்தவர்களை முறியடித்துவிட்டால் அந்த மாகாணங்கள் அதன் பிறகு வருஷக்கணக்கில் வாயைத் திறப்பதில்லை.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. சமாதானக் காலத்தில் காசு மிச்சம் பிடிக்க, படைச் சம்பளத்தைக் கூட்டிக் குறைக்கும் பராமரிப்புக் கம்பியைக் கீழே இழுத்து வைத்திருப்போம். கலகக்காரர் எழுந்த அன்றைக்கு அதை மேலே தள்ளினால் ஒன்றும் ஆகாது. படையின் மனவுறுதி மாதாமாதம்தான் ஏறும். மனவுறுதியைக் காட்டும் பச்சைக் கோடு பாதிகூட நிரம்பாத படை, எண்ணிக்கையில் இரட்டிப்பாக இருந்தாலும் புறமுதுகிட்டு ஓடும். கலகக் கோடு 80ஐத் தொட்டதுமே பராமரிப்பை முழுதாக்கிவிட வேண்டும். மூடி வைத்த கோட்டைகளையும் அப்போதே திறந்துவிடுங்கள். காவல் இல்லாத கோட்டை விழ நாள் பிடிக்காது. கலகக்காரர் மலையில் நின்றால் ஏறிப்போய் அடிக்காதீர்கள், சண்டைக்கு உருட்டும் பகடையில் நமக்கு 2 குறையும். அவர்கள் சமவெளிக்கு இறங்கி அடுத்த மாகாணத்துக்கு நகரும் வரை பொறுத்திருப்பது மேல்.

விளையாட்டில் ஒரு பெரிய குறை இருக்கிறது. கடலூர்க்காரர்களுக்கு அது சட்டென்று கண்ணில் படும். 1758 ஜூனில் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையை பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் ஆள் போதாமல் புதுச்சேரி மக்களைச் சாதி வழக்கம் எதையும் பாராமல் கட்டாய வேலைக்கு இழுத்ததில் ஊரார் வெறுப்பைத் தேடிக்கொண்டார். மறு ஆண்டு அக்டோபரில், சம்பளப் பாக்கிக்காக அவருடைய பிரெஞ்சுப் படையே கலகத்தில் இறங்கியது. 1760 ஜனவரியில் வந்தவாசித் தோல்வி, 1761 ஜனவரியில் புதுச்சேரியே கைவிட்டுப் போனது. இந்த ஆட்டத்திலோ சாதாரண நாடொன்றில் படைச் சம்பளத்தை எத்தனை ஆண்டு குறைத்தாலும் மனவுறுதிதான் குறையும். ஒட்டோமானியரின் ஜானிசரி என்ற சிறப்புக் காலாட்படை போன்ற சில தனி ஏற்பாடுகளைத் தவிர, சிப்பாய் பாக்கி கேட்டுத் திரும்பி நிற்பதில்லை. கட்டுரையாளர் 'வரலாற்றை அச்சு அசலாகக் காட்டும் விளையாட்டு' என்று எழுதியதை இந்த ஒன்றுக்காகவாவது கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

எண்களெல்லாம் புதுப்பிப்புக்குப் புதுப்பிப்பு மாறக்கூடியவை. ஆகவே 'எந்த மாகாணத்துக்கு எத்தனை படை' என்று கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியை அடுத்த இதழில் திருத்தி வெளியிடும்போது, எந்தப் பதிப்பை வைத்துப் போட்ட கணக்கு என்பதையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.