டொலரை விட்டால் தடை விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சீன யுவானிலோ இந்திய ரூபாவிலோ வணிகம் செய்தால் மேற்குலகின் பொருளாதாரத் தடை இலங்கையைத் தொடாது என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. ரஷ்யா டொலரைக் குறைத்துப் பார்த்த நாடுதான். 2022 தொடக்கத்தில் அதன் மத்திய வங்கிக் கையிருப்பில் டொலர் சுமார் 11 வீதம். யூரோ அதைப்போல மூன்று மடங்கு. அப்படியிருந்தும் ஏறக்குறைய 300 பில்லியன் டொலர் பெறுமதியான சொத்து முடங்கியது. அதில் பெரும்பகுதி கடன்பத்திரங்களைப் பாதுகாத்து வைக்கும் பெல்ஜிய நிறுவனமான யூரோகிளியரின் ஏட்டில் கிடந்தது. உள்நாட்டுப் பெட்டகத்தில் வைத்திருந்த தங்கத்தை முடக்க முடியவில்லை.

சுவிஃப்ட்டைக் குறைசொல்பவர்களும் உண்டு. அது வங்கிகளிடையே செய்தி கொண்டுபோகும் வலையமைப்பு மட்டுமே. கொழும்பு வங்கியொன்று வெளிநாட்டுக்கு டொலர் செலுத்தும்போது, நியூயோர்க் வங்கியில் அது வைத்திருக்கும் நொஸ்ட்ரோ கணக்கில்தான் பணம் கழிகிறது. பெறுபவர், கப்பல், துறைமுகம் என எல்லாவற்றையும் அங்கே அமெரிக்கத் திறைசேரியின் தடைப்பட்டியலோடு ஒப்பிடுவார்கள். பட்டியலில் உள்ள பெயர் அகப்பட்டால் பணம் அங்கேயே முடங்கும். அனுப்பியவருக்குத் திரும்பி வரும் என்று பலர் நம்புகிறார்கள், வராது. விடுவிக்கத் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். யுவானில் செலுத்தினால் இந்தச் சோதனையைத் தவிர்க்கலாம், ஆனால் அந்த நியூயோர்க் கணக்கே பறிபோகுமோ என்ற பயத்தில் வங்கி நாணயக் கடிதம் (இறக்குமதிக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உத்தரவாதம்) திறக்கத் தயங்கும். ஈரான், சூடான், கியூபா கொடுக்கல்வாங்கல்களுக்காக பிரான்சின் பிஎன்பி பரிபா வங்கி 2014இல் ஒப்புக்கொண்ட தண்டம் கிட்டத்தட்ட 9 பில்லியன் டொலர்.

ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு நாம் கொடுக்க வேண்டியிருந்த கடன் 251 மில்லியன் டொலர். 2021 டிசம்பர் உடன்படிக்கையின்படி அதைத் தேயிலையால் தீர்க்க ஒப்புக்கொண்டோம், மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதி. ஈரானிய இறக்குமதியாளர் அங்கே ரியால் கட்டுகிறார். இங்கே ஏற்றுமதியாளருக்குப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் ரூபாய் கிடைக்கிறது. எல்லை தாண்டி ஒரு டொலரும் போவதில்லை. தேயிலை உணவுப் பொருள் என்பதால் தடைக்குள் வராது என்பது அரசின் வாதம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் மாதம் தவறாமல் அனுப்பினாலும் நான்கு ஆண்டுக்கு மேல் பிடிக்கும். அந்தத் தேயிலைக்கு வந்திருக்கக்கூடிய டொலரும் வராது.

யுவான் கதை இன்னும் கசப்பு. 2021இல் சீனாவின் மத்திய வங்கியான சீன மக்கள் வங்கியோடு செய்த 10 பில்லியன் யுவான் நாணயப் பரிமாற்றல் (சுமார் 1.5 பில்லியன் டொலர்) நமது கையிருப்புக் கணக்கில் ஏறியது. மூன்று மாத இறக்குமதிக்குப் போதிய கையிருப்பு இருந்தால்தான் அதில் கைவைக்கலாம் என்பது அப்போதைய நிபந்தனை. அவ்வளவு இருந்தால் அது எதற்கு? 2022 மே மாதம் பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று அன்றைய நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில் சொன்னபோது, இந்த யுவானும் மொத்தக் கையிருப்புக் கணக்கில் இருந்தது.

கையிருப்பு விபரத்தை வெளியிடும்போது இந்த யுவானைப் பயன்படுத்த நிபந்தனை உண்டு என்பதை மத்திய வங்கி அடிக்குறிப்பாகத் தந்து வந்திருக்கிறது. பத்திரிகைத் தலைப்புகளில் மொத்தத் தொகை மட்டுமே வருகிறது. அந்த அடிக்குறிப்பையும் தலைப்புக்குக் கீழேயே அச்சிடுங்கள்.

வாசகர்,
கொழும்பு 06