அடிப்படைச் சம்பளம் என்ற வரியைப் பார்

அன்பு நண்பா,

நீ கேப்டன் ஆன செய்தியை வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டதில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் சந்தோஷம். அந்த நாலு பட்டை உன் தோளுக்கு எப்போதோ வந்திருக்க வேண்டியது. பட்டை ஏறிய சூட்டோடு வெளிநாட்டு விமானக் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, “நீ அங்கேதானே இருக்கிறாய், உள்ளதைச் சொல்” என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

ஆள் எடுக்கும் முறையைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம். ஆன்லைனில் திறன் தேர்வு, குழுவாக உட்காரவைத்து ஒரு சிக்கலைத் தீர்க்கச் சொல்வது, நேர்காணல், கடைசியில் சிமுலேட்டர், அதாவது தரையிலேயே ஓட்டிப் பார்க்கும் மாதிரி விமான அறை. குழுவில் கோட்டை விடுபவர்கள் பலரும் விடை தெரியாமல் விடுவதில்லை, பக்கத்தில் இருப்பவரைப் பேசவிடாமல் விடுகிறார்கள். நேர்காணலில் ‘கேப்டனோடு கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தாய்’ என்ற கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்தே தீரும். நடந்ததைச் சொல், வீரக்கதை வேண்டாம். சிமுலேட்டரில் ஆட்டோபைலட்டையும், எப்படித் திருப்ப வேண்டும் என்று திரையில் வழிகாட்டும் ஃப்ளைட் டைரக்டரையும் அணைத்துவிட்டுக் கையால் ஓட்டச் சொல்வார்கள். எழும்பும் நேரம் பார்த்து ஒரு என்ஜின் போகும். உனக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

யோசிக்க வேண்டிய விஷயம் சீனியாரிட்டி. பெரிய கம்பெனிகள் பலவற்றில் அது சேர்ந்த தேதியை வைத்துத்தான். நீ பறந்த மணிகளைச் சொல்லும் லாக்புக் உன்னை உள்ளே விடும், வரிசையில் முன்னே தள்ளாது. மறுபடி வலது சீட்டு, துணை விமானியாக. லீவு, ரோஸ்டர் என்கிற பணிப் பட்டியல், கமாண்ட் என்கிற கேப்டன் பதவி எல்லாமே அந்த வரிசை எண்ணைப் பார்த்துத்தான். உன்னைவிட வயதில் சின்னவன் கேப்டனின் இடது சீட்டில் உட்கார்ந்து உன் லேண்டிங்கைப் பற்றி அபிப்பிராயம் சொல்வான். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பழகிவிட்டேன். நேரடியாகக் கேப்டனாகவே எடுக்கும் கம்பெனிகளும் உண்டு. அங்கே ஒன்றை விசாரித்துக்கொள்: உள்ளேயே இருக்கும் துணை விமானிகள் ஏன் அந்த இடத்துக்கு வரவில்லை?

சம்பளம். இங்கே அமீரகத்தில் வருமான வரி இல்லை என்பதை எல்லோரும் சொல்வார்கள். நம்மைப் போல வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அரசு பென்ஷனும் இல்லை என்பதைச் சொல்லமாட்டார்கள். வேலையை விடும்போது சட்டப்படி வரும் கிராஜுவிட்டி, முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்குப் பிறகு 30 நாள். அதுவும் அடிப்படைச் சம்பளத்தில்தான். அதனால் ஆஃபர் லெட்டரில் கொட்டை எழுத்தில் இருக்கும் மொத்தத்தை விட்டுவிட்டு ‘அடிப்படை’ என்ற வரியைத் தேடு. மீதியெல்லாம் அலவன்ஸ், அதாவது படிகள். பறக்கும் மணிக்கான படியும் விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து நிற்கும்வரைதான். முன்கூட்டியே வந்து வானிலையும் எரிபொருளும் பார்ப்பது, கதவைச் சாத்திவிட்டு ஸ்லாட்டுக்காக, அதாவது கிளம்ப நமக்கு ஒதுக்கிய நேரத்துக்காகக் காத்துக்கிடப்பது, இவையெல்லாம் உன் தர்மக் கணக்கு.

ரோஸ்டரைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. ஐரோப்பிய விதிப்படி 28 நாளில் 100 மணி நேரம், ஆண்டுக்கு 900 மணி நேரம். வளைகுடாவிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அது உச்சவரம்பு, ரோஸ்டர் போடுபவருக்கு அதுவே இலக்காகிவிட்டால் உன் பாடு திண்டாட்டம். மணிக் கணக்கைவிட, அந்த மணிகள் எப்போது விழுகின்றன என்பதுதான் உடம்பை அரிப்பது. இந்த ஊர் விமான நிலையங்களில் இணைப்பு விமானங்கள் நள்ளிரவு தாண்டித்தான் வந்து குவியும். ராத்திரி கிளம்பி, போன இடத்தில் ஒரு மணி நேரம் நின்று, அதே விமானத்தில் திரும்புகிற டர்ன்அரவுண்ட் இருக்கிறதே, அதற்கு 14 மணி நேர நீண்ட பயணம் எவ்வளவோ தேவலாம். அதிலாவது நான்கு பேர் இருப்போம், மாற்றி மாற்றிப் படுக்கலாம்.

போன மாதம் அப்படி ஒரு ராத்திரி டர்ன்அரவுண்ட். கிழக்கு நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறோம், சூரியன் நேரே முகத்தில். செக்லிஸ்ட் அட்டையைக் கண்ணாடியோரம் செருகி வெயிலை மறைத்திருந்தோம். கட்டுப்பாட்டறை ஓர் உயரம் சொன்னது. நான் திரும்பச் சொன்னேன், பக்கத்து சீட்டுக்காரன் அந்த எண்ணைத் திருகி வைத்தான், இருவரும் விரலால் சுட்டி உரக்கப் படித்தோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி கேட்டோம். எண் சரிதான். சரி என்று நம்பத்தான் எங்கள் இருவருக்கும் தெம்பு இல்லை.

ஒப்பந்தம் என்பதைக் கல்வெட்டு என்று நினைத்துவிடாதே. 2020 அக்டோபரில் ஹாங்காங்கின் கத்தே பசிபிக், கத்தே டிராகனை மூடியதோடு, மீதியிருந்த விமானிகளிடம் குறைந்த சம்பளத்துக்குப் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்டது. அங்கே விமானிகளுக்குச் சங்கம் உண்டு. அப்படியும் அதுதான் நடந்தது. இங்கே தொழிற்சங்கத்துக்குச் சட்டத்திலேயே இடமில்லை.

இத்தனைக்கும் மேலே மெடிக்கல், அதாவது பறக்க உடல்தகுதிச் சான்று. அது போனால் லைசென்ஸ் நிற்கும், லைசென்ஸ் நின்றால் வேலை, வேலை போனால் விசா, அதோடு வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம். அதனால்தான் தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை என்று டாக்டரிடம் சொல்லவே பலரும் பயப்படுகிறார்கள். 2015-இல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தை, மனநோயை மறைத்திருந்த துணை விமானியே ஆல்ப்ஸில் மோதவைத்த பிறகு, சக விமானிகளிடமே மனம்விட்டுப் பேச ஓர் ஏற்பாடு ஒவ்வொரு கம்பெனியிலும் இருக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் விதி செய்தார்கள். நீ போகும் இடத்தில் அது இருக்கிறதா, பேசியது மேலிடத்துக்குப் போகாதா என்று கேள். லைசென்ஸ் இழப்புக் காப்பீடு கம்பெனி போடுகிறதா, எத்தனை மாதச் சம்பளத்துக்கு என்றும் கேள். இல்லையென்றால் சேர்ந்த வாரமே சொந்தச் செலவில் போட்டுவிடு. டைப் ரேட்டிங்குக்கு (குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதிப் பயிற்சிக்கு) இத்தனை வருடம் இருப்பேன் என்று பாண்ட் எழுதி வாங்கினால், பாதியில் கிளம்பினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்.

வராதே என்று சொல்லவில்லை. சர்வதேச விதிப்படி 65 வரைதான் பறக்க முடியும்; உனக்கு இன்னும் நிறைய வருடம் இருக்கிறது. பெரிய விமானம், நல்ல பராமரிப்பு, உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்த ஆட்கள். எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஆனால் வீட்டில் பேசி முடிக்காமல் கையெழுத்துப் போடாதே. ராத்திரியும் பகலும் மாறி மாறி வருகிற ஆளோடு குடித்தனம் செய்யப்போவது அவர்கள்தான்.

சிமுலேட்டர் தேதி வந்ததும் எழுது. எந்த விமானம் என்று முன்கூட்டியே கேட்டுவை. நீ போயிங் கைக்காரன். ஏர்பஸ் என்றால், என்ஜின் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ரஸ்ட்டில் லீவர் நகராமல் அப்படியே கிடப்பது முதல் பத்து நிமிஷம் உன்னைப் படுத்தும்.

உன் பழைய சிமுலேட்டர் பார்ட்னர்