சைவம் என்று சொல்லித்தான் பதிவு செய்தோம்: உங்கள் தெப்பன்யாக்கி (ஜப்பானிய இரும்புத் தகட்டுச் சமையல்) உணவகம் குறித்துப் புகார்

சிங்கப்பூர்
11 மார்ச் 2025

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
உணவகக் குழுமத் தலைமை அலுவலகம்

பொருள்: 8 மார்ச் 2025, சனிக்கிழமை இரவு, சைவ உணவை மாட்டுக்கொழுப்பு உருக்கிய தகட்டில் சமைத்தது; 366.89 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) திருப்பித் தரக் கோருவது.

ஐயா / அம்மையீர்,

என் அம்மாவும் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். புகாரில் பாதிக்கு மேல் அவருடையது. ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்திருக்கிறேன்.

அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். நான் மீனும் கோழியும் சாப்பிடுவேன், மாடு சாப்பிடுவதில்லை. தெப்பன்யாக்கியில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் ஒரே இரும்புத் தகட்டில்தான் சமைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே இணையத்தில் பதிந்ததோடு விடாமல் கிளைக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன். தனித் தகடு உண்டா, இல்லையென்றால் உள்ளே சமையலறையில் தனிச் சட்டியில் செய்து தருவீர்களா, இரண்டும் முடியாது என்றால் சொல்லிவிடுங்கள், வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று. “குறித்துக்கொண்டோம். தனியாகச் சமைத்துத் தரப்படும்” என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் வந்தோம்.

எங்களை உட்காரவைத்த மேசையில் ஏற்கெனவே ஒரு தம்பதி இருந்தார்கள். அவர்கள் கேட்டிருந்தது ஜப்பானிய வாக்யு மாட்டிறைச்சி. சமையல்காரர் வெள்ளைக் கட்டியாக இருந்த மாட்டுக்கொழுப்பைத் தகட்டின் நடுவில் வைத்துத் தேய்த்து உருக்கினார். அந்தக் கொழுப்பிலேயே பூண்டுச் சீவல்களைப் பொன்னிறமாகப் பொரித்து ஓரமாக ஒதுக்கினார். பிறகு இறைச்சி. அது வெந்ததும் மிஞ்சிய கொழுப்பில் அவருடைய கைத்திறனை மெச்சும்படி முளைப்பயற்றை நாலு புரட்டுப் புரட்டி அவர்கள் தட்டில் வைத்தார். ஜப்பானில் அப்படிச் செய்வதுதான் வழக்கம், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அடுத்து அவர் தகட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சுரண்டியால் வழித்து, காகிதத் துண்டால் ஒரு துடை துடைத்தார். அதே இடத்தில் அம்மாவின் பரங்கிக்காய், தாமரைத் தண்டு, காளான், தோஃபு எல்லாவற்றையும் பரப்பினார். பொரித்து வைத்திருந்த அந்தப் பூண்டையும் மேலே தூவ எடுத்தபோதுதான் நான் கையை நீட்டித் தடுத்தேன்.

அவர் திகைத்துப்போனார். அவருக்கு வந்திருந்த சீட்டில் “சைவ செட் 1, கடலுணவு செட் 1” என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அதைத் திருப்பி என்னிடமே காட்டினார். உடனே தகட்டிலிருந்த காய்களை எடுத்துக் கொட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டார். அந்த மனிதர்மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. தயவுசெய்து அவரைக் கூப்பிட்டு விசாரணை என்று உட்காரவைக்காதீர்கள்.

ஆனால் அதற்குள் அம்மா மிசோ சூப்பில் பாதியைக் குடித்து முடித்திருந்தார். பரிமாறியவரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தோம். “மிசோ சோயாவில் செய்வதுதான், சைவம்தான்” என்றார். சந்தேகம் வந்து சமையல்காரரிடம் கேட்டபோது அவர்தான் உண்மையைச் சொன்னார்: சூப்புக்கு அடிப்படையான தாஷிச் சாறு கட்சுவோபுஷியில், அதாவது காயவைத்துச் சீவிய சூரை மீனில் எடுத்தது. 128 வெள்ளி வாங்கும் “சைவ செட்”டில் மீன் சாறு. ஜப்பானிய புத்த மடங்களின் ஷோஜின் சமையலில் ‘கொம்பு’ என்ற கடற்பாசியையும் காய்ந்த ஷிட்டாகே காளானையும் வைத்தே தாஷி எடுக்கிறார்கள். வழி அந்தச் சமையலிலேயே இருக்கிறது. உங்கள் கிளை அதைச் செய்யவில்லை, செய்யவில்லை என்று பட்டியலில் போடவும் இல்லை. 1945இல் கோபே நகரத்து மிசோனோ உணவகத்தில் தெப்பன்யாக்கி பிறந்த கதைக்குப் பட்டியலின் முதல் பக்கம் முழுவதையும் கொடுத்திருக்கிறீர்கள். சூப்பில் மீன் உண்டு என்பதற்கு அரை வரி கிடைக்கவில்லையா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பக்கத்தில் இருந்த தம்பதியிடம், அவர்கள் சாப்பிடப்போகும் மாட்டின் மூக்கு ரேகை பதித்த சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார்கள். 10 இலக்க அடையாள எண், பிறந்த மாவட்டம் எல்லாம் அதில் இருந்தன. ஜப்பானில் ஒரு கன்று எங்கே பிறந்தது என்பது சிங்கப்பூரில் உங்கள் மேசைவரை பிசகாமல் வந்து சேருகிறது. நான் வாட்ஸ்அப்பில் எழுதியது வாசலிலிருந்து தகடுவரை வந்து சேரவில்லை.

கிளை மேலாளரை அழைத்தோம். தமிழர்தான். “சுத்தமா துடைச்சாச்சு ஆன்ட்டி, சூட்டுல எல்லாம் போயிடும்” என்றார். அம்மா சத்தம் போடவில்லை. “ஆட்டுக்கறி வறுத்த கல்லைத் துடைச்சுட்டு அதுலயே எனக்கு தோசை ஊத்துவியா, தம்பி?” என்று மட்டும் கேட்டார். அவரிடம் பதில் இல்லை. சற்று நேரத்தில் மாட்சா ஐஸ்கிரீம் இரண்டு கிண்ணம் “எங்கள் அன்பளிப்பு” என்று வந்தது. பின்னாலேயே ரசீதும் வந்தது, ஒரு காசு குறையாமல். அம்மா அன்று சாப்பிட்டது வெறும் சோறும் ஊறுகாயும். என் கடலுணவு செட்டில் இறால் வந்திருந்தது, நன்றாக இருந்ததாகவும் நினைவு. ஆனால் அதுவும் அந்தக் கொழுப்புத் தகட்டில் வெந்ததுதான் என்று தெரிந்தபிறகு மிச்சத்தை நானும் தொடவில்லை.

தனித் தகடு இல்லை என்று நீங்கள் சாக்குச் சொல்லவும் முடியாது. எங்களுக்கு எதிரே இரண்டாவது தகடு நாங்கள் கிளம்பும்வரை அடுப்பு மூட்டப்படாமலே கிடந்தது. அதுவும் வேண்டாம் என்றால், வாக்யு தகட்டில் ஏறுவதற்கு முன்பே காய்களைச் சமைத்திருக்கலாம், அல்லது எங்களை வேறு நேரத்துக்கு வரச் சொல்லியிருக்கலாம். எதுவுமே முடியாதென்றால் “முடியாது” என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். நாங்கள் வீட்டிலேயே சாப்பிட்டிருப்போம்.

நாங்கள் கேட்பது இதுதான். சைவ செட் 128 வெள்ளி, கடலுணவு செட் 178 வெள்ளி. 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேர்த்து 366.89 வெள்ளி. அதை முழுவதும் திருப்பித் தரவேண்டும். பற்றுச்சீட்டு, தள்ளுபடி அட்டை எதுவும் வேண்டாம், நாங்கள் திரும்பி வரப்போவதில்லை. மீன் தாஷி மாறும்வரை அந்த செட்டின் பெயரிலிருந்து “சைவ” என்பதை எடுத்துவிடுங்கள். முன்பதிவில் வரும் உணவுக் கட்டுப்பாடுகள் சமையல்காரர் கைக்குப் போகும் சீட்டில் அச்சாக வேண்டும். இதற்கு என்ன ஏற்பாடு செய்யப்போகிறீர்கள் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் புகாரைக் கொடுப்போம். அங்கும் தீராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போவோம். கைபேசி எண் உங்கள் முன்பதிவுப் பதிவேட்டில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்குமேல் அழைத்தால் நல்லது.

இப்படிக்கு,
முன்பதிவு செய்தவரும் அவருடைய தாயாரும்
(இருவர் கையெழுத்து)

இணைப்பு: ரசீது நகல், வாட்ஸ்அப் உரையாடலின் படம், உணவுப் பட்டியலின் இரண்டு பக்கங்கள், ஆங்கில மொழிபெயர்ப்பு