ஆபத்தைத் தமிழில் சொல்லுங்கள்

விமானப் போக்குவரத்தை மேற்பார்வையிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற மாதம் புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பிய சிறிய விமானத்துக்குள் கருகல் வாடை வந்த விவரம் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. என் அம்மாவுக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன்.

அம்மாவுக்கு வயது 72. கடலூர் முதுநகர்க்காரர். மழைக்காலத்தில், துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் அடுப்படிக்கே போவார். 2011இல் தானே புயல் வந்த இரவில் எங்கள் அனைவரையும் ஓட்டு வீட்டிலிருந்து நேரத்தோடு கிளப்பியவர். எச்சரிக்கையின் அருமை அவருக்குத் தெரியும்.

அன்று அவருக்குக் கடைசி வரிசை. எனக்கு ஐந்து வரிசை முன்னால். அவர் காலடியில் மெல்லிய புகை. ஒலிபெருக்கியில் முதலில் இந்தி, பிறகு ஆங்கிலம். இருக்கை வாரைக் கழற்றாதீர்கள் என்று அறிவித்தார்கள். அம்மா கழற்றிவிட்டு எழுந்து நின்றார். பணிப்பெண் கையை அசைத்தார். வெளியேறச் சொல்வதாக எண்ணி அம்மா பையைத் தேடினார். பக்கத்து இருக்கைப் பெண்தான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். குளிர்சாதனக் குழாயில் தூசி கருகியதாகப் பிறகு சொன்னார்கள். பத்திரமாகத்தான் இறங்கினோம். ஆனால், "என்ன சொன்னார்கள்? ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று அம்மா வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

1985 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் டெக்சாசில், பாடகர் ரிக்கி நெல்சன் சென்ற டிசி-3 விமானத்தில் நடுவானில் தீப்பிடித்தது. பயணிகள் 7 பேரும் இறந்தார்கள். விமானிகள் இருவரும் பிழைத்தார்கள். பயணிகள் அறையைச் சூடாக்க வால் பகுதியிலிருந்த பெட்ரோல் ஹீட்டர் அன்று தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. தீயின் மூலகாரணம் உறுதிப்படவில்லை. ஆனால் விசாரணை வாரியம் ஒன்றைத் தெளிவாகக் குறித்தது: ஆக்சிஜனைப் பயன்படுத்துங்கள் என்று பயணிகளிடம் சொல்லப்படவில்லை, தீயணைப்பானை எடுக்கவில்லை, மூடியிருக்க வேண்டிய காற்றுத் துவாரங்களைத் திறந்துவிட்டார்கள். முறைப்படி செய்திருந்தால் பயணிகள் பிழைக்கும் வாய்ப்பு கூடியிருக்கும் என்றது.

இன்றைய பெரும்பாலான பயணிகள் விமானங்களில் எஞ்சினின் சூடான காற்றே அறையைச் சூடாக்குகிறது; அந்த மாதிரி ஹீட்டர் இல்லை. இயந்திரத்தை நான் ஒப்பிடவில்லை. சொல்லாமல் விட்டதை ஒப்பிடுகிறேன். புரியாத மொழியில் சொன்னதும் சொல்லாமல் விட்டதுதான்.

ஆகவே கேட்கிறேன்: புதுச்சேரியிலிருந்து கிளம்பும், புதுச்சேரிக்கு வரும் ஒவ்வொரு விமானத்திலும் பாதுகாப்பு அறிவிப்பைத் தமிழிலும் சொல்லச் செய்யுங்கள். அவசர நேரத்தில் பேசத் தமிழ் தெரிந்த ஒருவராவது பணியில் இருக்கட்டும். வங்கிப் படிவத்திலும் டிக்கெட்டிலும் காப்பீட்டுத் தாளிலும் எங்கள் மொழியைத் தேடித் தேடிக் களைத்துவிட்டோம். அங்கெல்லாம் யாரையாவது கேட்டு எழுதிக்கொள்ளலாம். புகை சூழ்ந்த அறையில் யாரிடம் போய்க் கேட்பது?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: ஆபத்தைத் தமிழிலும் சொல்லுங்கள். அடுத்த மாதம் கண் பரிசோதனைக்காக அம்மாவை மறுபடி பெங்களூருக்கு அழைத்துப்போக வேண்டும். பஸ்ஸிலேயே போய்விடலாம் என்கிறார். அதற்குள் உங்கள் பதில் கிடைத்தால் அவரிடம் படித்துக் காட்டுவேன்.

பணிவுடன்,
புதுச்சேரியிலிருந்து ஒரு பயணி