உட்கார வை, அனுப்பிவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்க உனக்கு நேரம் ஆகும். ஆகட்டும், நிதானமாகவே படி.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. பார்மா கோயிலில் நவராத்திரிக்கு நல்ல கூட்டம். சித்தி விஷயம் ஒருவழியாக முடிந்தது, நீ அவளிடம் அதைப் பற்றி எதுவும் கேட்டு வைக்காதே.

நீ கோச்சாக இருக்கிற ஹைஸ்கூல் அமெரிக்க ஃபுட்பால் டீமில் பந்தை எறிகிற பையன், அந்தக் குவார்ட்டர்பேக், அவனை டீமிலிருந்தே எடுத்துவிடப் போகிறாயாமே? அக்கா சொன்னாள். என்னிடம் நீ மூச்சு விடவில்லை. ஆகஸ்டு மாதம் முழுக்க அவனைப் பற்றித்தான் பேச்சு. "நின்ற இடத்திலிருந்து ஐம்பத்தைந்து கெஜம் எறியறான்மா, பந்து சுத்துற சத்தமே கேக்கும்" என்றாய். இப்போது அவனைப் பற்றிக் கேட்டாலே மழை பெய்கிறதா என்று கேட்கிறாய். வீடியோ போட்டுப் பார்க்கிற நேரத்துக்குப் பிந்தி வருகிறானாம். வந்தாலும் போனை நோண்டுகிறானாம். எறிந்த பந்தை எதிராளி பிடித்து இன்டர்செப்ஷன் ஆனதும் ஹெல்மெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, தனக்கு முன்னால் நின்று அடி வாங்குகிற பையனையே திட்டினானாம். எல்லாம் தப்புதான், யார் இல்லை என்றார்கள்? எதிராளி எந்தப் பக்கத்திலிருந்து பாயப் போகிறான் என்று படித்துக்கொண்டு வராத குவார்ட்டர்பேக்கால் மற்ற பத்துப் பேருக்கும் கஷ்டம். உட்கார வை. இரண்டு ஆட்டமோ மூன்று ஆட்டமோ, வேண்டுமானால் சீசன் முழுக்கவோ. ஆனால் அனுப்பிவிடாதே.

இதெல்லாம் உனக்கு என்ன தெரியும் என்று கேட்காதே. முப்பது வருஷமாக கிளீவ்லாந்தில் குப்பை கொட்டுகிறேன். ஒரு குவார்ட்டர்பேக்கை எப்படி வளர்க்கக் கூடாது என்று தெரிய வேண்டுமானால் எங்கள் ஊர்க்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஜானி மன்ஸெல் ஞாபகம் இருக்கிறதா? இல்லாமல் எங்கே போகும், இரண்டாம் நம்பர் சட்டை இன்னும் உன் அலமாரியில்தான் தொங்குகிறது. கல்லூரியில் முதல் வருஷம் விளையாடுகிறபோதே 2012ல், கல்லூரி ஆட்டக்காரர்களில் சிறந்தவனுக்குக் கொடுக்கிற ஹைஸ்மன் விருதை வாங்கினவன். அதற்கு முன்னால் அப்படி வாங்கினவர்களே கிடையாது. 2014ல் தொழில்முறை டீம்கள் புது ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது 22வது ஆளாக நம் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் எடுத்தது. டிசம்பரில் முதல் தடவையாக ஆட்டத்தை அவன் கையில் கொடுத்தார்கள். சின்சினாட்டியிடம் 30-0 என்று தோல்வி. கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் சிகிச்சைக்கு வராமல் தூங்கிவிட்டான் என்று அபராதம். அப்புறம் சில வாரம் மறுவாழ்வு மையம். 2015 நவம்பரில் இனி நீதான் முதல் குவார்ட்டர்பேக் என்று அறிவித்தார்கள். அந்த வார லீவிலேயே டெக்சாஸில் கூத்தடித்த வீடியோ வெளிவந்தது. உடனே மூன்றாவது ஆளாக இறக்கினார்கள். 2016 மார்ச்சில் போய் வா என்று அனுப்பியாகிவிட்டது.

பார்த்தாயா, பொறுமை காட்டினால் இதுதான் கதி என்று அப்பா அப்போது சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்றைக்குத் தூக்கித் தோளில் வைப்பது, நாளைக்குக் கீழே போடுவது, மறுபடி தூக்குவது, இதற்குப் பெயர் பொறுமையா? அவனும் ஒழுங்கில்லைதான். பொறுத்திருந்தால் தேறியிருப்பான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தனக்கு மனநோய் இருப்பது தெரிய வந்தது என்று 2018ல் அவனே சொன்னான். அதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அத்தனை பேர் சுற்றி நின்றார்கள், அவன் எறிகிற பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாவம் கோச்சையும் சொல்லிக் குற்றமில்லை. பிரவுன்ஸ் கோச் மைக் பெட்டினுக்கு 2015 சீசன் முடிந்த அன்றைக்கே வேலை போயிற்று. 1998ல் ரயன் லீஃப் என்ற புதுக் குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு திண்டாடின சான் டியாகோ கோச்சுக்கு அந்த சீசனின் ஆறு ஆட்டம் முடிந்ததுமே போயிற்று. தன் நாற்காலியே ஆடும்போது இருபத்திரண்டு வயசுக்காரன் பெரியவனாக வளரட்டும் என்று யார் காத்திருப்பார்கள்? ஆனால் உனக்கு என்ன அவசரம்? நீ இருப்பது ஹைஸ்கூல். ஹெட் கோச் நெருக்குகிறாரா? அப்படி இருந்தால் சொல். எங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வாய்?

ஜூலையில் நீங்கள் வந்திருந்தபோது குட்டி பால் டம்ளரைத் தட்டிவிட்டான். பால் மேஜை விளிம்பு வரைக்கும் ஓடிச் சொட்டியது. அவன் பாலைப் பார்க்கவில்லை, தன் சட்டை நனைந்ததையும் பார்க்கவில்லை. உன் முகத்தைத்தான் பார்த்தான். நீ ஒன்றும் சொல்லவில்லை. கவிதா எழுந்து துடைத்தாள். சரி, அதை விடு. எதற்கு ஞாபகம் வந்ததோ.

பிற்பாடு பிரவுன்ஸுக்கு வந்த குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டுக்கு வருகிறேன். அவனும் வந்தபோது வாய்த்துடுக்கு. கல்லூரியில் இருந்தபோது ஒஹாயோ ஸ்டேட் மைதானத்து நடுவிலேயே வந்து தன் கல்லூரிக் கொடியை நட்ட பிள்ளை, நம் பக்கத்து வீட்டுக்காரர் அவனை மன்னிக்கவே இல்லை. ஆனால் 2021 ஜனவரி 10ஆம் தேதி உனக்கு மறக்காது. பொங்கலுக்கு நாலு நாள் இருந்தது. கோச்சுக்குக் கோவிட் என்று அவர் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார். எதிரில் பிட்ஸ்பர்க். ஆட்டத்தைத் தொடங்க அவர்கள் பின்னால் தள்ளிவிட்ட முதல் பந்தே அவர்கள் குவார்ட்டர்பேக் ரோத்லிஸ்பர்கர் தலைக்கு மேல் பறந்தது, நம்மாள் ஓடிப்போய் மைதானத்துக் கோடியில், புள்ளி கிடைக்கிற எண்ட் ஜோனில், அதன்மேல் விழுந்தான். நீ போனில் போட்ட கத்தலில் அப்பா போனைக் காதிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார். 48-37. சீசனுக்குப் பிறகு நல்ல டீம்களுக்குள் நடக்கிற பிளேஆஃபில், இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்த வெற்றி. அதைக் கொடுத்தவனைத்தான் அடுத்த வருஷம் தோள் அடிபட்டு மோசமாக ஆடினான் என்று ஓரங்கட்டினார்கள். அந்த இடத்தில் வயசுக்கேற்ற முதிர்ச்சியுள்ள ஆள் ஒருத்தர் வேண்டும் என்று நிர்வாகம் நினைப்பதாக ஈஎஸ்பிஎன் நிருபர் ஒருவர் சொன்னார். முதிர்ச்சிக்கு யாரைக் கொண்டுவந்தார்கள்? டெஷான் வாட்ஸன். 23 கோடி டாலர், முழுக்க உத்தரவாதத்தோடு. புது ஆட்களை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுக்கிற மூன்று வாய்ப்புகளையும் அவருக்காக விட்டுக்கொடுத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மேல் வழக்குப் போட்டிருந்த நேரம் அது. தான் தப்புச் செய்யவில்லை என்றுதான் அவர் சொன்னார், ஆனால் லீக் 11 ஆட்டத்துக்கு விலக்கி வைத்தது. இங்கே துடுக்குப் பிள்ளை என்று தள்ளினவன் டாம்பா பேவில் போய் 2024ல் 41 தடவை டச்டவுனுக்குப் பந்து எறிந்தான், அதாவது எண்ட் ஜோனில் சேர்த்துப் புள்ளி எடுக்க. நான் சிரிக்கவா அழவா?

அட்லாண்டாவில் பிரெட் ஃபாவ்ர் என்ற குவார்ட்டர்பேக்கைப் பற்றியும் இப்படித்தான் நினைத்தார்கள். 1991ல் அங்கே அவர் மொத்தம் எறிந்ததே நாலு. ஒன்றுகூட அவர் டீம் ஆள் கையில் விழவில்லை, இரண்டு எதிராளி கையில் விழுந்தது. ஒரே வருஷத்தில் கிரீன் பேவுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கேயாவது அடங்கினாரா? 1993ல் 24 இன்டர்செப்ஷன். கிரீன் பே கோச் ஹோம்கிரன் திட்டினார், பெஞ்சில் போடலாமா என்றுகூட 1994ல் யோசித்தார். ஆனால் கைவிடவில்லை. அடுத்த மூன்று வருஷமும் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது ஃபாவ்ருக்கு. பிற்காலக் கதையெல்லாம் எனக்கும் தெரியும், அவரைக் கும்பிடச் சொல்லவில்லை. நான் சொல்வது ஹோம்கிரனை. திட்டுகிறவர் கூடவே நின்றார். திட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறவர் வேறு.

பெரிய குவார்ட்டர்பேக்குகளான மஹோம்ஸ் ஒரு வருஷம், ராட்ஜர்ஸ் மூன்று வருஷம், இன்னொருத்தர் பின்னால் உட்கார்ந்துதானே கற்றுக்கொண்டார்கள் என்று நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். அவர்கள் பாடம் படிக்க மறுத்தவர்கள் இல்லை, இவன் மறுக்கிறான் என்பாய். மறுக்கிறானா, தெரியவில்லையா? அவன் வீட்டில் அவனோடு உட்கார்ந்து பேச யாராவது இருக்கிறார்களா? அம்மா இரவு ஷிப்ட் என்று ஒருதடவை சொன்னாயே. பிந்தி வருகிறவன் எதில் வருகிறான் என்று கேட்டாயா? வகுப்பில் தேறாவிட்டால் ஆட்டமில்லை என்று உங்கள் டெக்சாஸில் 1984லேயே சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தில்கூட மார்க் ஏறினால் திரும்பி வர வழி வைத்திருக்கிறார்கள். சட்டத்துக்கு இருக்கிற மனசு என் பிள்ளைக்கு இல்லாமல் போகுமா?

உன் பதினொன்றாம் வகுப்புக் கதையை நான் கிளற விரும்பவில்லை. ஆனாலும் சொல்கிறேன். நீ ரெஃப்ரியைப் பார்த்துச் சொன்ன வார்த்தைக்கு எந்தக் கோச்சாக இருந்தாலும் சட்டையைக் கழற்றி வாங்கியிருப்பார். உன் கோச் உன்னை இரண்டு ஆட்டம் வெளியே வைத்தார். ஆனால் அந்த இரண்டு ஆட்டமும் தன் பக்கத்திலேயே நிற்க வைத்து, ஒரு பென்சிலைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு டவுனுக்கும், அதாவது பந்தை முன்னேற்றுகிற ஒவ்வொரு முயற்சிக்கும், எதிராளி எப்படி நிற்கிறான் என்று எழுத வைத்தார். குளிரில் உன் விரல் விறைத்து, எழுத்தெல்லாம் கோணல்மாணலாக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் அந்தத் தாளை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை அதை வைத்துத்தான் பேசினார் என்று நீ வந்து சொன்னபோது உன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இன்றைக்கு நீ கோச்சாக இருப்பது அந்தத் தாளால்தான். பொறியியலை விட்டது பற்றி அப்பா பேசுவது வேறு விஷயம், அதை அவரும் நீயும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் பெருமைதான். கோயிலில் கேட்கிறவர்களிடமெல்லாம் பையன் குவார்ட்டர்பேக் கோச் என்றுதான் சொல்கிறேன், பாதிப் பேருக்கு அது என்னவென்றே புரியாது.

மறுபடியும் சொல்கிறேன். உட்கார வை. ஏன் உட்கார வைக்கிறாய் என்று அவனிடம் தனியாகச் சொல், மற்றப் பிள்ளைகள் முன்னால் வேண்டாம். எப்போது எழுந்து வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல். குரலை உயர்த்தாதே. உனக்குக் குரல் உயர்வது உனக்கே தெரியாது, தாத்தாவுக்கும் அப்படித்தான். எதிரில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

குட்டி இன்னும் ராத்திரி படுக்கையை நனைக்கிறானா? கவிதாவிடம் கேட்டேன், அவள் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள். நாலு வயசுதானே ஆகிறது. அதற்கு அவனை ஒன்றும் சொல்ல வேண்டாம்.

தேங்க்ஸ்கிவிங் வாரம் நான் வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று, புதன்கிழமை மத்தியானம் டாலஸ் வந்து இறங்குகிறேன். அப்பா வரவில்லை. திரும்புகிற டிக்கெட்டை இன்னும் போடவில்லை. குட்டி அறையிலேயே எனக்கும் ஒரு பாய் போட்டுவிடு, போதும். உனக்கு அந்த வாரம் பிளேஆஃப் இருந்தால் என்னைப் பற்றிக் கவலைப்படாதே, கவிதா வந்து அழைத்துப் போகட்டும். அந்தப் பையன் அதற்குள் என்ன ஆனான் என்று ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா