சாவு எங்கே பதிவாகிறது என்று கேட்டீர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் மாவட்டப் பக்கத்தில், நகரங்களைவிட இராமநாதபுரம் கடலோர ஊராட்சிகளில் இறப்பு விகிதம் குறைவு என்று சுகாதாரத் துறைக் கணக்கை எடுத்துப் போட்டிருந்தீர்கள். மக்களிடம் விழிப்புணர்வு கூடியதே காரணம் என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

சாவு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவு. 1969-ஆம் வருடச் சட்டம் அது, உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் பக்கம் நோய் முற்றினால் இராமநாதபுரம், அங்கேயும் கைவிரித்தால் மதுரை. என் அண்ணன் காலமெல்லாம் பாம்பன் கடலில் தொழில் பார்த்தவர். நெஞ்சுவலி என்று மதுரைக்குக் கொண்டுபோனோம், அங்கேயே போய்விட்டார். அடக்கம் பாம்பனில், கணக்கு மதுரையில். வழியில் வண்டியிலேயே உயிர் போனாலும், வண்டி முதலில் நிற்கிற ஊரில்தான் தகவல் தர வேண்டுமாம். எங்கள் தெருவில் இப்படிப் போனவர்கள் ஒருவர் இருவர் அல்ல. பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லாததால் குறைந்த எண்ணிக்கையை எங்கள் ஆரோக்கியம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

வீட்டில் இறப்பவர்களுக்கு என்ன நோய் என்று பார்க்க டாக்டர் வருவதில்லை. வீட்டார் சொல்வது 'நெஞ்சுவலி' அல்லது 'வயசாகிவிட்டது'. அதுவே காரணமாக ஏறுகிறது.

கடலில் காணாமல் போனவர்களோ எந்த ஊர்க் கணக்கிலும் இல்லை. உடல் கரை சேராவிட்டால் ஏழு வருடம் காத்திருந்து கோர்ட்டுக்குப் போக வேண்டும். 2017-ல் ஒக்கி புயலுக்குப் பிறகு அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்திச் சான்று கொடுத்தது. ஒற்றை நாட்டுப்படகு கவிழ்ந்தால் அப்படி யார் கேட்கிறார்கள்? என் சித்தி மகன் போய்ச் சேர்ந்தது ஊருக்கே தெரியும். அவன் மனைவி உதவித்தொகைக்கு ஏறி இறங்கிய அலுவலகங்களில் எல்லாம் இறப்புச் சான்று எங்கே என்ற ஒரே கேள்விதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் ரயிலோடு போனவர்கள் இத்தனை பேர் என்று இன்றுவரை உறுதியாக ஒரு எண் உண்டா? எங்கள் சாவை எண்ணுவதில் அன்றிலிருந்தே யாருக்கும் அக்கறை இல்லை.

விகிதம் என்றால் ஆயிரம் பேருக்கு எத்தனை என்பதுதானே? அந்த ஆயிரத்தைக் கணக்கிடும் மக்கள்தொகைக்கு 2011-க்குப் பிறகு முழுக் கணக்கெடுப்பு முடியவில்லை, எல்லாம் மதிப்பீடு. முதியவர் நிறைந்த ஊரையும் இளைஞர் நிறைந்த ஊரையும் வயது பார்க்காமல் ஒப்பிடக் கூடாது என்பதை அந்த அதிகாரிகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இறப்புப் படிவத்தில், இறந்தவர் வழக்கமாக வசித்த ஊர் எது என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதன்படி பிரித்த ஊர்வாரிக் கணக்கைச் சுகாதாரத் துறையிடம் கேட்டு வாங்கி, அதே பக்கத்தில் வெளியிடுங்கள். அதுவரை இப்படி ஒப்பீடு போடும்போது, இது இறந்த இடத்தின்படி எடுத்த கணக்கு என்று அடியில் ஒரு வரியாவது சேருங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பாம்பன்.